‘எங்கை வேலை?’ என்று கேட்ட வீட்டுக்காரர்

ஓய்வுபெற்ற ஆளை யாரும் தேடமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் நான் வேலை செய்த பழைய கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற சிறிய கந்தோர் அது, மனுக்காவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு வந்து கொஞ்சம் கதையுங்கள் என்றார்கள். போனேன். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்து, ஒரு கணினியை என் முன்னால் திருப்பி வைத்தார்கள்.

வீடு தேடுகிறவர் இப்போது யாருடனும் கதைக்கத் தேவையில்லையாம். எல்லாம் இணையத்தில். எங்கே வேலை, எவ்வளவு வருமானம், அரசாங்க உதவிப் பணம் எடுக்கிறீர்களா என்று பெட்டி பெட்டியாகக் கேட்கும். நிரப்பி அனுப்பினால் சில நாளில் ஒரு வரி வரும்: இந்த முறை உங்களுக்குக் கிடைக்கவில்லை, நன்றி. ஏன் என்று இருக்காது. அனுப்பியவர் பெயரும் இருக்காது. ஒரு பிள்ளை கேட்டாள், “ரஞ்சி, உதவிப் பணத்துக்காகத்தான் வீடு மறுத்தார்கள் என்பதை உங்கள் காலத்தில் எப்படி நிரூபித்தீர்கள்?” இங்கே பேரப்பிள்ளை வயதில் உள்ளவர்களும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ‘உங்கள் காலத்தில்’ என்றதுதான் கோபத்தைக் கிளப்பியது. நான் ஒன்றும் குதிரை வண்டியில் வேலைக்குப் போனவள் அல்ல.

எங்கள் காலத்தில் முகத்துக்கு நேரே சொன்னார்கள் பிள்ளை, என்றேன். சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். அவளுக்கு அது விளங்கவில்லை. அதனால் றெஜினாவின் வழக்கைச் சொன்னேன். அன்று ஆங்கிலத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே தமிழில் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடு இந்த நாட்டுக்கு வந்தேன். விரி என்கிற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் பெட்டி அடுக்கினேன். குளிரில் விரல் விறைத்துப்போகும் வேலை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் யாருக்காவது கடிதம் வாசித்துச் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குடும்பத்துக்கு மொழிபெயர்க்க அந்தக் கந்தோருக்குப் போன இடத்தில், அங்கே பொறுப்பாக இருந்த மெரே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாளைக்கும் வர முடியுமா என்று கேட்டார். ஓய்வு பெறும்வரை அந்த ‘நாளைக்கு’ முடியவில்லை. இரவு வகுப்பு, சட்டப் பயிற்சி எல்லாம் இடையில் நடந்தன.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாதவர்கள், நோயாளிகள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் அரசாங்கத்திடம் வாங்குகிற பணத்தை இங்கே எல்லாரும் பெனிஃபிட் என்பார்கள். வாடகைக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஒருவர் பெனிஃபிட் எடுக்கிறார் என்பதற்காக வீடு இல்லை என்று சொல்லக் கூடாது. அதற்காக வீட்டை விட்டு எழுப்பவும் கூடாது. வாடகை கட்ட முடியுமா என்று வீட்டுக்காரர் பார்க்கலாம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து ஆளைத் தள்ளக் கூடாது. இது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், சொந்தமாக இரண்டாவது வீடு வாங்கிய பிறகு மறந்துபோவார்கள்.

மெரே இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்து வழக்கறிஞர். பருத்த உடம்பு, மெல்லிய குரல், எதற்கும் அவசரம் கிடையாது. வருகிறவரை இருத்தி, முதலில் தன் இனத்தவரின் வழக்கப்படி தன்னுடைய மலை எது, ஆறு எது, தன் ஆட்கள் யார் என்று சொல்லுவார். பிறகு, நீங்கள் எங்கே, யாருடைய ஆள் என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் பிரச்சினைக்கு வருவார். முதல் முறை கேட்டபோது எனக்கு முதுகு கூசியது. எங்கள் ஆட்கள் ‘எந்த இடம், எந்தப் பகுதி’ என்று கேட்டால் அதற்கு ஒரு வால் இருக்கும். ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று பார்க்கிற கேள்வி அது. மெரே கேட்டது அப்படி இல்லை, கையைக் கொடுப்பதற்காகக் கேட்டது. அந்த வித்தியாசம் எனக்கு விளங்கக் கன காலம் எடுத்தது.

அவருடைய வேலை முறையில் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. ஒன்று தொலைபேசி. பெனிஃபிட் என்று சொன்னவுடன் வீடு போய்விட்டது என்று வீட்டு முகவர் சொன்னதாக யாராவது வந்து அழுதால், மெரே உடனே எங்களில் ஒருவரை அதே இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லுவார். ஒரே ஒரு கேள்விதான்: அந்த வீடு இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். ஒருமுறை எங்களோடு இருந்த ஒருவர் ஆர்வக்கோளாறில், நானும் மனைவியும் வேலை செய்கிறோம், எங்களுக்கு அந்த வீடு வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். முகவர் வாருங்கள் என்று உருகினார். மெரே அந்த அழைப்பைச் சாட்சியாக எடுக்காமல் அப்படியே தூக்கி எறிந்தார். நாங்கள் பொய் சொல்லத் தேவையில்லை, கேட்டால் போதும் என்றார். எனக்கு அப்போது அது வீண் பிடிவாதமாகத்தான் பட்டது.

மற்றது சொல். என்ன நடந்தது என்று அவர் கேட்கமாட்டார். யார் எங்கே நின்றார்கள், அவர் கையில் என்ன இருந்தது, பிள்ளைகள் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போவார். கடைசியில், அவர் சொன்ன சொல்லை அவர் சொன்ன மொழியிலேயே சொல்லுங்கள் என்பார். ‘அவர் அவமானப்படுத்தினார்’ என்றால் எழுதமாட்டார். அது உங்கள் சொல், எனக்கு அவருடைய சொல் வேண்டும் என்பார்.

றெஜினாவை அவளுடைய மகளின் பள்ளிக்கூட ஆசிரியை அனுப்பியிருந்தார். மன்னார்ப் பிள்ளை. முப்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒடிசலாக, கண்ணைத் தாழ்த்தியபடியே வந்தாள். கணவன் பிரிந்து ஒஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகளோடு ரானுயியில் சொந்தக்காரர் வீட்டுக் கராச்சில் இருந்தாள். கார் விடுவதற்குக் கட்டிய கராச்சில் ஈரம் சுவரில் வழியும். மூத்தவளுக்கு மூச்சு இழுப்பு வந்து மாரி காலத்தில் ஆஸ்பத்திரியும் கராச்சுமாகத் திரிந்தார்கள். பெனிஃபிட் எடுக்கிறேன் என்று சொன்ன இடமெல்லாம் கதவு சாத்தப்பட்டது. கடைசியில் மனுரேவாவில் ஒரு வீடு கிடைத்தது. வெயில் விழுகிற, காய்ந்த வீடு. அங்கே போன பிறகு மூத்தவள் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது அந்த வீட்டை விட்டு எழும்பச் சொல்லி வீட்டுக்காரர் அறிவித்தல் கொடுத்துவிட்டார். எழும்பினால் திரும்பவும் அந்தக் கராச்சுதான்.

வீட்டுக்காரர் தமிழர். அருமைநாயகத்தார் என்று எல்லாரும் மரியாதையாகச் சொல்லும் ஆள். பாட்டனி டவுன்ஸில் பெரிய வீடு, அங்கங்கே வாடகைக்கு விட்ட வீடுகள், கோயிலில் தமிழ்ப் பூசை என்றால் முன் வரிசை. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். செத்த வீடு என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் உழைத்து முன்னுக்கு வந்த சிலருக்கு, இன்னும் வராதவர்களைக் கண்டால் ஒரு எரிச்சல் இருக்கும், அந்த எரிச்சல் அவருக்கும் இருந்தது.

அந்த வீட்டைக் காட்ட றெஜினாவைக் கூட்டிப்போனவர் சூசை அண்ணை. மசாலாச் சாமான், உறைந்த மீன், தொலைபேசி அட்டை எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தவர். கடையைவிட அவருடைய வாய்ச்சொல்தான் பெரிய வியாபாரம். புதிதாக வந்த ஒருவருக்கு வீடு வேண்டுமா, வேலை வேண்டுமா, சூசை அண்ணை போய், ‘எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லுவார். தமிழ் வீட்டுக்காரர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். இதற்காக அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை.

அன்று குசினியில் நின்றபடி அருமைநாயகத்தார், எங்கை வேலை என்று கேட்டிருக்கிறார். றெஜினா உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அவர் முடியாது என்றிருக்கிறார். உடனே சூசை அண்ணை சிரித்துக்கொண்டு, “அவள் வெக்கத்திலை சொல்லுறாள், திங்கக்கிழமையிலை இருந்து என்ரை கடையிலைதான் வேலை” என்று சொல்லிவிட்டார். மனிதர் இரக்கத்தில் சொன்ன பொய். றெஜினா வாயைத் திறக்கவில்லை. வீடு கிடைத்தது.

பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். அருமைநாயகத்தாரின் மனைவி அந்தக் கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவர். போகும்போதெல்லாம் றெஜினாவைத் தேடியிருக்கிறார். ஒருநாள் கல்லாவில் நின்ற பிள்ளையிடம் கேட்க, அப்படி ஒருவரும் இங்கே வேலை செய்யவில்லையே என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கோயில் முற்றத்தில், பொய் சொல்லி வீடு எடுத்தவள் என்று கதை பரவியது. அறிவித்தல் அதற்குப் பின்னால் வந்தது.

மெரே வழக்கம் போலத் தன் மலையையும் ஆற்றையும் சொல்லி, நீங்கள் எங்கே என்று கேட்டார். றெஜினா என்னைப் பார்த்தாள். பயப்படாமல் சொல்லு, இவை கேக்கிறது வேறை மாதிரி, என்றேன். மன்னார், கடல் பக்கம் என்றாள். மெரே தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வீட்டுக்காரர் உங்களிடம் என்ன சொன்னார்? “அவர் விரும்பேல்லை.” என்ன சொன்னார்? “மரியாதையாத்தான் கதைச்சவர், அக்கா.” இப்படியே அரை மணித்தியாலம் இழுபட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மெரேக்குப் போகவில்லை. அவர் எங்கே நின்றார் என்று கேட்டார். சிங்க் பக்கத்தில். சூசை? வாசலில், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. பிள்ளைகள்? வெளியில், எலுமிச்சை மரத்தடியில். அவர் கை என்ன செய்தது? றெஜினா கொஞ்சம் யோசித்தாள். சுடுதண்ணி வருகிறதைக் காட்டக் குழாயைத் திறந்து வைத்திருந்தார் என்றாள். நான் பெனிஃபிட் என்று சொன்னதும் குழாயைப் பூட்டினார் என்றாள். அதோடு, அப்போது அவர் சொன்ன அந்த வசனமும் வந்தது. சொல்லி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வசனம்தான் எங்களுக்கு வேண்டியது. ஏனென்றால் அருமைநாயகத்தாரிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அறிவித்தலை எதிர்த்து நாங்கள் வழக்குப் போட்டதும் தொலைபேசியில் நடந்த சமரசப் பேச்சிலேயே அதைச் சொல்லிவிட்டார்: நான் பெனிஃபிட்டுக்காக எழுப்பவில்லை, பொய்க்காக எழுப்புகிறேன். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். பொய்க்கு முன்னால் ஒரு மறுப்பு இருந்தது, அந்த மறுப்பினால்தான் பொய்யே வந்தது என்று நாங்கள் காட்ட வேண்டும். அந்த மறுப்பைக் கேட்டவர்கள் இரண்டே பேர், றெஜினாவும் சூசை அண்ணையும்.

அதை விசாரணையில் சொல்ல முடியாது என்றாள் றெஜினா. “நான் சொன்னால் சூசை அண்ணையின்ரை பொய்யும் வெளியிலை வரும் அக்கா. எனக்கு நல்லது செய்ய வந்த மனுசன். நான் கராச்சுக்கே போறன்.” எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. மூத்த பிள்ளையின் நெஞ்சு இழுக்கும் சத்தம் உனக்குக் கேட்கவில்லையா என்று ஏசிவிட்டேன். மெரே என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அடுத்த நாள் மெரேயும் நானும் கடைக்குப் போனோம். சனம் கூடியிருந்தது. மெரே ஒரு பக்கெட் ரஸ்க் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார், முறை வந்தபோது பின்னால் நின்றவர்களை முன்னுக்கு விட்டார். கடை வெறுமையாகும்வரை அப்படியே நின்றார். நான் சாம்பிராணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். பிறகு அவர் தன் மலையைச் சொன்னார். சூசை அண்ணை தன்னுடைய ஊரைச் சொன்னார். நாங்கள் வந்த விசயம் அவருக்கு முதலே தெரியும்.

“தங்கச்சி,” என்றார் என்னைப் பார்த்து, “என்ரை சொல்லை நம்பித்தான் கன பேருக்கு இஞ்சை வீடு கிடைக்குது. நான் அங்கை வந்து பொய் சொன்னனான் எண்டு சொன்னால், நாளைக்கு என்ரை சொல்லை ஆர் எடுப்பினம்? ஒரு றெஜினாவைப் பாத்தால் மற்ற ஆக்கள் என்ன செய்யிறது?”

அவர் தன் பெயருக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கிழமைகூட ஒரு குடும்பம் அவருடைய வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே மெரேக்கு மொழிபெயர்த்தேன். மெரே ரஸ்க் பக்கெட்டை மேசையில் வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: “அண்ணை, அவ வேலை செய்யிறா எண்டு நீங்கள் சொன்னதாலைதான் வீடு கிடைச்சது. அப்ப, அவ உள்ளபடி இருந்தால் அந்த வீட்டிலை இருக்கத் தகுதி இல்லையெண்டு நீங்களும் ஒத்துக்கொண்டு வந்திட்டீங்களோ?”

சூசை அண்ணை ரஸ்கை ஒரு பையில் போட்டுத் தந்தார். ரஸ்குக்குக் காசு வாங்க மறுத்தார். மெரே காசை வைத்துவிட்டு வந்தார். காரில் ஏறியதும், வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு வரமாட்டார் என்றுதான் பட்டது.

விசாரணை நாள் வந்தது. வாடகைத் தீர்ப்பாயம் என்றால் பெரிய மண்டபம் என்று நினைக்க வேண்டாம், பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். முன்னால் தீர்ப்பாளர், ஒரு பக்கம் அருமைநாயகத்தார், மறுபக்கம் றெஜினா, மெரே, நான். நான் றெஜினாவின் தரப்பு ஆள் என்பதால் மொழிபெயர்க்க வேறொருவரைப் போட்டிருந்தார்கள். அருமைநாயகத்தார் கோட் போட்டு வந்திருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். நானும் அசைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஒரே முற்றத்தில் நிற்க வேண்டியவர்கள்தானே.

அவர் தன் பக்கத்தை நிதானமாகச் சொன்னார். பெனிஃபிட் ஒரு காரணம் இல்லை, நம்பிக்கைதான் காரணம், பொய் சொல்லி வந்த ஆளை எப்படி வைத்திருப்பது என்றார். தீர்ப்பாளர் எழுதிக்கொண்டார். தெரியாத ஆள் யாரும் கேட்டால் அவர் சொல்வதுதான் சரி என்பார்.

பிறகு தீர்ப்பாளர் றெஜினாவிடம், வீடு பார்க்கப் போன அன்று என்ன பேச்சு நடந்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லக் கூடாது. வாசல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே நீள மரவாங்கில், பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு சூசை அண்ணை வந்து இருந்தார். அவளும் கண்டாள்.

றெஜினா எழும்பினாள். அங்கே எழும்பத் தேவையில்லை, ஆனாலும் எழும்பினாள். அருமைநாயகத்தாரை நேரே பார்த்துத்தான் சொன்னாள்.

“எங்கை வேலை எண்டு கேட்டீங்கள். நான் வேலை இல்லை, பெனிஃபிட் எடுக்கிறன் எண்டன். நீங்கள் குழாயைப் பூட்டிப்போட்டு, சூசை அண்ணையைப் பாத்துச் சொன்னனீங்கள்: ‘பெனிஃபிட் எடுக்கிற ஆக்களுக்கு நான் வீடு குடுக்கிறேல்லை. அதுகளுக்கு வீட்டின்ரை அருமை தெரியாது.’ நான் அதிலைதான் நிண்டனான்.”

மொழிபெயர்த்தவர் ஒழுங்காகத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் ‘அதுகள்’ என்பது அங்கே வெறும் ‘அவர்கள்’ ஆகிவிட்டது. அந்த அறையில் தமிழ் விளங்கியவர்களுக்கு மட்டும்தான் அது சுட்டது. அருமைநாயகத்தார் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசை அண்ணையை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் அவள் சொன்னதை வெளியில் இருந்து கேட்டிருக்க முடியாது, அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாள். ஆனாலும் அதே வசனத்தை, குழாய் உட்பட, சொல்லுக்குச் சொல் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தீர்ப்பாளர் கேட்டார்.

“நான் பொய் சொன்னனான். என்ரை கடையிலை வேலை எண்டு சொன்னனான். அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. உண்மையைச் சொன்னது அவ மட்டும்தான், அதை நான் மூடிப்போட்டன்.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருசம் சேர்த்த பெயரை ஒரு மனிதன் நாலு வார்த்தையில் இறக்கி வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. வேலை நேரத்தில் அழக் கூடாது என்பது மெரேயின் சட்டம், ஆனால் அன்று அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தார்.

தீர்ப்பாளர் அருமைநாயகத்தாரிடம் திரும்பி, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அவர் சூசை அண்ணையை ஒருமுறை பார்த்தார்.

“சூசை அண்ணை சொன்னால் அது சரியாத்தான் இருக்கும். ஓம், சொன்னனான்.”

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்ட வாயை நம்பித்தான் அவர் அதைச் சொன்னார். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அறிவித்தல் செல்லாது என்று முடிவு வந்தது. றெஜினாவும் பிள்ளைகளும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். முற்றத்தில் கொஞ்சக் காலம் முணுமுணுப்பு இருந்தது. சூசை அண்ணையைப் பொய்யன் என்று சொன்னவர்களும் உண்டு, அவர் தேடிக்கொடுத்த வீட்டில் இருந்துகொண்டே சொன்னார்கள். அவர் பயந்தது போலவே சில வீட்டுக்காரர்கள் அவரைத் தவிர்த்தார்கள். ஆனால் அவர் ஆட்களைக் கூட்டிப்போவதை நிறுத்தவில்லை. முறையைத்தான் மாற்றினார். வாசலில் செருப்பைக் கழற்ற முன்பே, “இவை பெனிஃபிட் எடுக்கினம், வாடகை ஒழுங்காக் கட்டுவினம். குடுக்க விருப்பமில்லையெண்டால் இப்பவே என்னட்டைச் சொல்லுங்கோ” என்பாராம். முகத்துக்கு நேரே அதற்கு இல்லை என்று சொல்வது லேசான காரியமில்லை. சொன்னவர்களின் சொல்லை அவர் அப்படியே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுவார், குழாய் திறந்திருந்ததா பூட்டியிருந்ததா என்பது உட்பட.

இதைத்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெட்டியை நிரப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஆளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு முகவருக்குத் தொலைபேசி எடுங்கள், உள்ளதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லா வழக்கும் இதனால் வெல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுக்கிறவரை ஒரு மனிதக் குரலாக்கிவிட்டால் பாதிப் பயம் போகும். ஒரு பிள்ளை குறிப்பெடுத்தாள். மற்றவர்கள் பிஸ்கட்டை முடித்தார்கள்.

அப்போது ஒருத்தி, றெஜினா இப்போதும் பெனிஃபிட்டிலா இருக்கிறாள் என்று கேட்டாள். நல்ல கேள்வி, என்றேன்.

இல்லை. வழக்கு முடிந்து சில வருசத்தில், சின்னவளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அவளுக்குப் பாட்டனி டவுன்ஸில் பெரிய கடை ஒன்றில் கல்லாவில் வேலை கிடைத்தது. எனக்கும் அவள் உடனே சொல்லவில்லை. கனநாள் கழித்துத்தான் தொலைபேசி எடுத்தாள். அதுவும் வேலை கிடைத்ததைச் சொல்ல அல்ல, அருமைநாயகத்தார் அவளுடைய வீட்டுக்கு வந்துபோன கதையைச் சொல்ல.

அவருடைய மனைவி அந்தக் கடையில் சாமான் வாங்கி வரிசையில் வந்திருக்கிறார். கல்லாவில் சீருடையோடு றெஜினா. இருவரும் சுகம் விசாரித்துக்கொண்டார்கள். அடுத்த தடவை வீட்டைப் பார்வையிட வந்தபோது அருமைநாயகத்தாரின் முகம் மலர்ந்திருந்ததாம். கையில் மாம்பழப் பெட்டியும் இருந்ததாம். றெஜினா குசினியில் கேத்திலுக்குத் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வேலை கிடைச்சதை ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பன்.”

றெஜினா குழாயைப் பூட்டினாள்.

“வாடகை ஒழுங்கா வருதோ அங்கிள்?”

“ஓம், அதிலை ஒரு குறையும் இல்லை.”

“அப்ப அது போதும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றாளாம்.